பழைய பேஸ் கிட்டாரின் பிக்கப்பை மாற்றும் முன்

ஒலி மங்கிய பழைய பேஸ் கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவோரில் சிலர், மாற்ற வேண்டிய புதிய பிக்கப்பையும் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பாகம்) கையோடு வாங்கி வந்துவிடுகிறார்கள். காந்தம் செத்துவிட்டது என்று அவர்களே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். பழைய பிக்கப்புகளில் உள்ள அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக்) காந்தம் அத்தனை எளிதில் சாவதில்லை. வேறொரு வலிய காந்தத்தின் அருகே கிடந்தாலொழிய அதன் விசை பெரிதாகக் குறையாது.

1957-இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸில் வந்த பிக்கப், இரண்டு தந்திகளுக்கு ஒரு பாதியாக இரண்டு துண்டுகளாய்ப் பிரிந்தது. அந்த அமைப்புள்ள ஒரு பழைய பேஸில் மெல்லிய தந்திகள் இரண்டும் முனகலாகவே கேட்டன. வால்யூமை முழுவதும் திறந்து, ஜாக்கில் (கேபிள் செருகும் துளையில்) செருகிய கேபிளின் மறுமுனையில் மின்தடை அளக்க மல்டிமீட்டரை வைத்தேன், 10.1 கிலோ ஓம் காட்டியது. 250 கிலோ ஓம் பாட் (வால்யூம் குமிழின் அடியில் உள்ள மாறுமின்தடை) பக்க இணைப்பில் இருப்பதால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் கூடுதல், ஏறக்குறைய 10.5. அதாவது, சுருள் நலமாகவே இருந்தது. திருகுகளைக் கழற்றித் தூக்கிப் பார்த்தபோதுதான் அடியில் இருந்த நுரைப்பஞ்சு மட்கிப் பிசுபிசுத்த கரும்பொடியாகி விரலில் ஒட்டியது. தாங்க ஏதுமின்றி அந்தப் பாதி குழிக்குள் இறங்கி, தந்தியைவிட்டு விலகிப் போயிருந்தது. புதிய பஞ்சை வைத்து, கழுத்தின் கடைசி ஃப்ரெட்டில் (குறுக்குக் கம்பியில்) தந்தியை அழுத்திய நிலையில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு உயர்த்தியதும் ஒலி திரும்பியது. வாங்கி வந்த பிக்கப் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை.

பஞ்சு சரியாக இருந்தால் அடுத்து பாட், ஜாக், சாலிடர் இணைப்புகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றையும் கடந்து, பிக்கப்பின் கம்பியைப் பாட்டிலிருந்து பிரித்து நேரடியாக அளந்தபோதும் மீட்டர் முடிவிலியைக் காட்டினால் மட்டுமே சுருள் அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். அறுந்த சுருள் முற்றிலும் ஊமையாகிவிடும் என்பதில்லை. கீழ்ச்சுரத்தின் கனம் போய், தகரத்தைத் தட்டியது போன்ற மெலிந்த ஒலி வருவதும் உண்டு. பழைய பிக்கப்புகளில் பலவற்றில், தலைமுடியளவே தடிமனுள்ள செப்புக் கம்பி காந்தத் தண்டுகளின் மேலேயே நேரடியாகச் சுற்றப்பட்டிருக்கும். வியர்வையின் ஈரத்தில் தண்டு துருப்பிடிக்கும்போது உட்சுற்று அரிக்கப்படுகிறது. உயரத்தைச் சரிசெய்வதாக எண்ணித் தண்டுகளைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுவோரும் உண்டு. பிக்கப்பைக் கொல்வதற்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியாது.

சுருள் உண்மையிலேயே அறுந்திருந்தாலும், அறுந்த இடம் வெளிமுனையின் பற்றவைப்பு அருகே இருந்தால் ஒரு துளி சாலிடரே போதும். இல்லையென்றால் சுருளைத் தாங்கும் பழைய தட்டுகளையும் காந்தங்களையும் வைத்தே மறுசுற்று செய்யலாம். புதியதைப் பொருத்துவதை நான் கடைசியில்தான் பரிந்துரைப்பேன். ஒற்றைச்சுருள் பிக்கப் இரண்டுள்ள பேஸில் ஒன்றை மட்டும் மாற்றுகையில், இரைச்சல் நீங்க, புதியதன் சுற்றுத்திசையும் காந்தத் துருவமும் மாற்றாமல் விட்ட மற்றதற்கு எதிராக அமைய வேண்டும். துருவம் மட்டும் எதிராகிச் சுற்றுத்திசை ஒன்றாக இருந்தால், இரண்டையும் சேர்த்துத் திறக்கும்போது கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று விழுங்கிவிடும். அப்போதும் குற்றம் புதிய பிக்கப்பின் மேல்தான் விழும். அதன் இரு கம்பிகளையும் மாற்றிப் பற்றவைத்தாலே அது தீரும்.

கழற்றிய பழைய பிக்கப்பை, கம்பியை ஒட்ட நறுக்காமல் சாலிடரை உருக்கி எடுத்து, துணியில் சுற்றி, ஒலிபெருக்கிகளுக்குத் தொலைவில், கருவியின் பெட்டியிலேயே வைத்துவிடுகிறேன். அந்த பேஸை நாளை வேறொருவர் வாங்க வரும்போது, அவர் முதலில் கேட்பது அதைத்தான்.