கவனப் பயிற்சிக்கு ஏற்ற இடம் வகுப்பறைதான்

தேர்வு நெருங்கும் வாரங்களில் கல்லூரிகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பிள்ளைகள் ரொம்ப டென்ஷனாக இருக்கிறார்கள், ஒரு மணி நேரம் வந்து மைண்ட்ஃபுல்னெஸ் (இந்தக் கணத்தில் நடப்பதைத் திட்டிக்கொள்ளாமல் கவனிக்கும் பயிற்சி) சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்பார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தருவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த ஒரு மணி நேரத்தால் பெரிய பலன் இருக்காது என்று தெரியும். சிலருக்கு அது கெடுதலாகக்கூட முடியலாம். மூச்சைக் கவனிப்பது, மௌனமாக உட்கார்வது, நிதானமாக வாசிப்பது போன்ற பயிற்சிகளுக்கு உயர்கல்வியில் இடம் உண்டு என்பது என் உறுதியான நம்பிக்கை. அந்த இடம் செமஸ்டர் முழுக்க நடக்கும் சாதாரணப் பாட வகுப்புக்குள் இருக்கிறது. கடைசி நேரத்தில் தலைவலி மாத்திரை போல நீட்டினால் பயிற்சிக்கும் கெட்ட பெயர், மாணவர்களுக்கும் ஏமாற்றம்.

முதலில் எவ்வளவு பயிற்சி தேவை என்பதைப் பற்றிப் பேசிவிடலாம். மைண்ட்ஃபுல்னெஸ் பற்றிச் சொல்லப்படும் ஆய்வு முடிவுகளில் பெரும்பகுதி, அமெரிக்க ஆய்வாளர் ஜான் கபாட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய பயிற்சியிலிருந்தோ அதன் வழிவந்தவற்றிலிருந்தோ கிடைத்தவை. தீராத வலியோடும் நாள்பட்ட நோயோடும் வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்காக உருவானது அது. மொத்தம் 8 வாரம், வாரத்துக்கு ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, நடுவில் ஒரு முழுநாள் பயிற்சி, இதுபோக வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை வைத்து நடந்த ஆய்விலும் 8 வார வகுப்புதான் கொடுத்தார்கள். அதில் சேர்ந்தவர்களுக்குத் தேர்வுக் காலத்து மன உளைச்சல் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் தாமாகவே பெயர் கொடுத்தவர்கள், தேர்வுக்கு வெகு முன்பே தொடங்கியவர்கள். இந்த முடிவுகளைக் காட்டி ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தால் அதே பலன் எப்படிக் கிடைக்கும்?

சரி, பயிற்சியில் உண்மையில் என்ன நடக்கிறது? என்னிடம் வரும் மாணவர்களில் நிறையப் பேர், மனத்தைக் காலி செய்வதுதான் தியானம் என்று நினைத்துக்கொண்டு, முயன்று பார்த்து, தனக்கு அது வராது என்று விட்டுவிட்டவர்கள். மூச்சைக் கவனிக்க உட்கார்கிறீர்கள். சில நொடிகளில் மனம் நாளைய வைவாவுக்கோ நேற்றைய சண்டைக்கோ போய்விடுகிறது. போய்விட்டது என்று ஒரு கட்டத்தில் தெரிகிறது. திட்டிக்கொள்ளாமல் திரும்பி வருகிறீர்கள். மறுபடி போகிறது, மறுபடி வருகிறீர்கள். இவ்வளவுதான் பயிற்சி. மனம் அலைந்ததால் பயிற்சி தோற்றுப்போகவில்லை. அலைந்ததைக் கண்டுபிடித்த அந்தக் கணத்தில்தான் பயிற்சி நடக்கிறது. 2010-இல் ஹார்வர்டின் உளவியல் ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் வெளியிட்ட ஆய்வில், மனிதர்களை அன்றாட வேலைகளுக்கு நடுவே எதிர்பாராத நேரங்களில் கேட்டுப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 47 சதவீதச் சமயங்களில் அவர்கள் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. இந்த எண்ணைச் சொன்னதும் மாணவர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தன் மூளையில் மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு முதுகலை மாணவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாள் முழுக்க நூலகத்தில் இருக்கிறேன், இரண்டு பக்கம்கூட உள்ளே இறங்கவில்லை என்று வந்தார். சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். நான் அவரை முதலில் கண்ணை மூடச் சொல்லவில்லை. வழக்கம்போலப் படியுங்கள், கவனம் நழுவியது தெரியும்போதெல்லாம் அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள் என்றேன். அடுத்த முறை அவர் கொண்டுவந்த பக்கங்களில் புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை, சில இடங்களில் கூட்டமாக இருந்தன: புரியாத ஒரு சமன்பாடு வரும் இடம், அறிமுகமில்லாத கலைச்சொல் வரும் இடம். அந்த இடங்களில் நெஞ்சில் ஒரு சின்ன இறுக்கம், 'எனக்குத் தெரியவில்லையே' என்ற பயம், அது என்னவென்று தெரிவதற்கு முன்பே கை போனை எடுத்துவிடுகிறது. அப்புறம் நாங்கள் செய்ததெல்லாம், அந்த இறுக்கம் வரும்போது இரண்டு மூன்று மூச்சு அதோடேயே இருந்துவிட்டு அதே வரிக்குத் திரும்புவதுதான். சோம்பேறித்தனம் என்ற சொல்லை அவர் சில வாரங்களில் விட்டுவிட்டார்.

இதைத்தான் நான் ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தெரியாத ஒன்றின் முன்னால் ஓடிவிடாமல் நிற்கும் திறமை படிப்பின் அடிப்படை, ஆனால் அதை யாரும் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. அலையும் கவனத்தைத் திரும்பத் திரும்ப அழைத்துவரும் திறனைச் செம்மைப்படுத்துகிற கல்விதான் உயர்ந்த கல்வி என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதினார், அதற்கு நடைமுறை வழி சொல்வதுதான் கடினம் என்றும் சேர்த்தே எழுதினார். இன்று வழிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் 48 இளங்கலை மாணவர்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு இரண்டு வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பும் மற்றொரு பகுதிக்கு உணவுச் சத்து பற்றிய வகுப்பும் நடத்தினார்கள். முதல் குழுவில் மனம் அலைவது குறைந்தது, வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்வில் மதிப்பெண் கூடியது. 2013-இல் வந்த ஆய்வு அது. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய வாக்குறுதி எதுவும் கொடுத்துவிடக் கூடாது, ஆனாலும் பாடத்துக்கும் கவனத்துக்கும் உள்ள உறவை அது நேராகத் தொடுகிறது.

வகுப்புக்குள் செய்வதென்றால் பாயும் தலையணையும் தேவையில்லை. ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஓவியத்தின் முன்னால் முழுதாக மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார். ஆரம்பத்தில் மாணவர்களால் அதை ஏற்றுக்கொள்ள முடியாது, ஆனால் நேரம் போகப் போகத்தான் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும் தெரியாமல் இருந்தவை தெரியவரும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் லெவி, மாணவர்கள் கணினியில் வேலை செய்வதை அவர்களே பதிவு செய்து, எந்த இடத்தில் எதற்காகத் தாவினோம் என்று பார்த்து எழுத வைத்தார். கணக்கு வகுப்பிலும் முடியும்: கேள்வியைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் யாரும் பேனாவைத் தொட வேண்டாம், கேள்வியை மட்டும் பாருங்கள் என்று சொல்லலாம். இலக்கிய வகுப்பில் ஒரு பத்தியை உரக்க வாசித்து, கொஞ்சம் மௌனம் விட்டு, அதே பத்தியை இன்னொரு குரலில் வாசிக்க வைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது கேட்கும் பயிற்சி. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் மூன்று நிமிடம் பேச, மற்றவர் குறுக்கே ஒரு சொல்லும் சொல்லாமல், பதில் தயாரிக்காமல் கேட்க வேண்டும். நன்றாக வாதம் செய்யத் தெரிந்த மாணவர்களுக்கே அது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

நடத்துகிற ஆசிரியர் தானும் செய்துபார்த்தவராக இருக்க வேண்டும், ஏன் இதைச் செய்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இதில் பல பயிற்சிகளின் வேர் பௌத்தத்திலும் மற்றச் சமய மரபுகளிலும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. சமய நம்பிக்கை காரணமாகவோ நம்பிக்கை இல்லாத காரணத்தாலோ ஒரு மாணவர் விலகினால், காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் இதன் பக்கத்தில்கூட வரக் கூடாது. மதிப்பெண் போடுகிறவரே முன்னால் நின்று கண்ணை மூடுங்கள் என்றால், மாணவருக்கு அது வேண்டுகோளாகக் கேட்காது, கட்டளையாகத்தான் கேட்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் பள்ளிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 11 முதல் 14 வயது வரையிலான 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், முடிவுகள் 2022-இல் வந்தன. வழக்கமான பாடத்திட்டத்தைவிட மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பால் கூடுதல் பலன் தெரியவில்லை, பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைத் தொடவும் இல்லை. கல்லூரி மாணவர்கள் வயதில் பெரியவர்கள்தான். ஆனாலும் கூட்டமாக உட்காரவைத்தால் போதும் என்று நினைக்கும் நிர்வாகங்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

நிர்வாகங்களிடம் சொல்ல இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்கப் போவதில்லை. ஐந்து பாடங்களின் அசைன்மென்ட்டுகளும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிற ஆய்வு வழிகாட்டியைப் பற்றிய புகாரைக் கிடப்பில் போட்டுவிட்டு, ஆலோசகரைப் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வைத்துவிட்டு, மூச்சைக் கவனி என்று சொன்னால் அந்த மாணவர் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: பிரச்சினை உன்னிடம் இருக்கிறது. அட்டவணையை மாற்றினால் சரியாகும் விஷயத்தை அட்டவணையை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். புகாரை விசாரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

கடைசியாக, பாதுகாப்பு. எல்லாருக்கும் மூச்சு நிம்மதி தருவதில்லை. பீதித் தாக்குதல் வருகிறவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் மூச்சையே உற்றுக் கவனிப்பது பயத்தைக் கிளப்பிவிடலாம். வன்முறையையோ பாலியல் தாக்குதலையோ கடந்து வந்தவர்களுக்கு, அமைதியான அறையில் கண்ணை மூடியதும் பழைய நினைவுகள் பாய்ந்து வரலாம். வகுப்பில் யாருக்கு அப்படி ஒரு கடந்த காலம் இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லபி பிரிட்டன் குழுவினர், தியானம் செய்கிறவர்களிடம் விரிவாகப் பேசி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பயம், தூக்கமின்மை, தன்னிடமிருந்தே விலகிப்போன உணர்வு போன்ற அனுபவங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், மூச்சுக்குப் பதில் தரையில் பதிந்த பாதத்தையோ வெளியே கேட்கும் சத்தத்தையோ கவனிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதை ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் யாரையும் எழுப்பி, எப்படி உணர்ந்தாய் என்று கேட்காதீர்கள்.

மாணவர்களுக்கு நேராக ஒரு வார்த்தை. உட்கார்ந்தால் பதற்றம் கூடிக்கொண்டே போகிறது, தூக்கம் கெடுகிறது, சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாததுபோல் தோன்றுகிறது என்றால், விடாப்பிடியாகத் தொடராதீர்கள், நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதை ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், தியானம் தொடங்கிவிட்டோமே என்று நீங்களாக அதை விடக் கூடாது. மனச்சோர்வு திரும்ப வராமல் தடுக்க மைண்ட்ஃபுல்னெஸ் சேர்ந்த ஒரு சிகிச்சை முறை இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் பலமுறை மனச்சோர்வு வந்து தேறியவர்களுக்கு, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நடத்துவது. போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு தனியாகச் செய்வதை அதோடு சேர்க்க முடியாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், முதலில் மூச்சைக் கவனித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், இன்றைக்கே, நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு சிகிச்சைக்குப் போங்கள்.