பொந்து விழுந்த மரத்தை விட்டுவையுங்கள்

பெரிய இருவாச்சிப் பறவையின் அலகைப் பார்க்கிறவர்கள், அது எந்த மரத்தையும் குடைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். குடையாது. மரங்கொத்தியின் வேலை அதற்கு வராது. ஏற்கெனவே விழுந்த பொந்தைத் தேடிப் பிடித்துத்தான் அது குடும்பம் நடத்த வேண்டும். கிளை ஒடிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, நடுமரம் உளுத்து, மூன்று கிலோவை நெருங்கும் ஒரு பறவை உள்ளே உட்காரும் அளவுக்குக் குழி விழ வேண்டுமானால், அந்த மரம் கிழமாகியிருக்க வேண்டும்.

ஆனைமலைப் பகுதியில் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளை மீட்கும் பணியில் இருக்கிறேன். தோட்ட நிர்வாகங்களோடு பேசும்போது அதிகம் காதில் விழுவது, “அது உளுத்த மரம் சார், காற்றில் விழுந்துவிடும், எடுத்துவிடலாம்” என்பதுதான். பலகைக்கு ஆகாத மரம் என்பது உண்மை. இருவாச்சிக்கு ஆகிற மரம் அதுதான்.

வால்பாறை மேட்டுநிலத்தில் ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலையும் காப்பியும், இடையிடையே சோலைத் துண்டுகளும் இருக்கின்றன. நாட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்திருக்கும் காப்பித் தோட்டங்களில் பெரிய இருவாச்சி கூடு வைக்கவும் செய்கிறது. அதே இடத்தில் வெளிநாட்டு நிழல் மரமான சில்வர் ஓக் மட்டும் வரிசைகட்டி நின்றால் அதற்குப் பழமும் இல்லை, பொந்தும் இல்லை.

ஜனவரி, பிப்ரவரி வாக்கில் பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையே சாந்தாகப் பூசி வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும்போதே இறக்கைச் சிறகுகளை உதிர்க்கும். அந்த நாட்களில் மரத்தை வெட்டினால் அதனால் பறந்து தப்ப முடியாது. ஒன்றோ இரண்டோ முட்டை. தேறுவது பெரும்பாலும் ஒரு குஞ்சுதான். அது வெளியே வர நான்கு மாதம்போல் ஆகிறது. அத்தி, குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், நடுவே பல்லி, பூச்சி என்று ஊட்டும் பொறுப்பு பெரும்பாலும் ஆணுடையது. பழங்களைத் தொண்டையில் அடக்கிவந்து, ஒவ்வொன்றாகக் கக்கிப் பிளவுக்குள் நீட்டும்.

இந்த ஆணைத்தான் நம் கேமராக்காரர்கள் மறிக்கிறார்கள். மரத்தடியில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அது கிட்டே வராமல் தள்ளி உட்கார்ந்துவிடும். கீழே நிற்பவருக்கு அது சற்றே நீண்ட காத்திருப்பு, உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. கூட்டு மரத்தின் இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடுபவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. படம்தான் வேண்டுமென்றால் பழுத்த அத்தி மரத்துக்குத் தள்ளி நில்லுங்கள். பறவை தானாக வரும். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெளிர் நிறம் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து இந்தப் பறவையை 2018-இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களை வரிசைப்படுத்தும் உலகச் செம்பட்டியலின் ‘அழிவாய்ப்புள்ள’ பிரிவுக்குத் தள்ளின. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை அதற்குக் காப்பு. ஆனால் சட்டத்தைவிடக் கண் அருகில் இருக்க வேண்டும். கேரளத்தின் வாழச்சாலில் காடர் பழங்குடி மக்கள் வனத்துறையோடு சேர்ந்து கூட்டு மரங்களைக் கண்காணிக்கிறார்கள். அருணாச்சலப் பிரதேசத்தின் பக்கே பகுதியில் நிஷி பழங்குடிக் கிராமத்தினர் அதே வேலையைச் செய்கிறார்கள்.

மீட்புப் பணியிலேயே இருந்துகொண்டு இதைச் சொல்வது விநோதமாகப் படலாம்: எங்கள் நாற்றங்காலில் இருந்து போகும் கன்றுகள் நிழல் தரும், பிறகு பழம் தரும், பொந்து தருவதை நடுகிறவர்கள் யாரும் பார்க்கப்போவதில்லை. தாய்லாந்தில் இருவாச்சி ஆய்வாளர் பிலாய் பூன்ஸ்வாட் தலைமையிலான குழுவினர் பழைய பொந்துகளைப் பழுது பார்க்கிறார்கள். அடித்தளம் இறங்கிப் போனால் மண் நிரப்புகிறார்கள், தூர்ந்த வாசலை அகலப்படுத்துகிறார்கள். பழுது பார்க்கவும் பழைய மரம் நின்றால்தானே முடியும்!

தோட்டக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். உளுத்த மரம் தொழிலாளர்களின் லயன் வீட்டுக்கோ சாலைக்கோ ஆபத்தாகத் தெரிந்தால், முதலில் பாரமான கிளைகளை மட்டும் கழியுங்கள். அதையும் ஜூனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கோடாரி எடுக்கும்முன் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மரத்தடியைப் பார்க்கச் செய்யுங்கள். பொந்துக்கு நேர்கீழே எச்சமும் பழக்கொட்டைகளும் குவிந்து கிடந்தால் மேலே குடியிருப்பு இருக்கிறது.