சகுராப்பூவா, செர்ரிப் பழப்பூவா?

தோக்கியோவில், 1873இல் நிறுவப்பட்ட உவேனோ பூங்காவில் இளவேனிலைக் கழித்துத் திரும்பிய ஒருவரின் பயணக் கட்டுரையை, மட்டக்களப்பில் நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் மாணவி ஒருத்தி உரக்க வாசித்தாள். “செர்ரிப் பழப்பூக்கள் பூங்கா எங்கும் பூத்துக் குலுங்கின” என்ற வரியில் நிறுத்தி, “சேர், இவ்வளவு பூவும் காய்ச்சா எவ்வளவு பழம் வரும்?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளை மேல் பிழையில்லை. பங்குனி பிறந்தால் செய்திகளிலும் தொலைக்காட்சியிலும் தவறாமல் வந்துவிடும் அந்தச் சொல்லின் மேல்தான் பிழை.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிரேக்கத்தின் கெராசோஸ் இலத்தீன் வழியே பழைய பிரெஞ்சில் செரீஸ் ஆனது. அதன் ஈற்றொலியைப் பன்மை விகுதி என்று மயங்கிய ஆங்கிலேயர் அதை நீக்க, செர்ரி எஞ்சியது. யப்பானியர் மரத்தையும் பூவையும் சகுரா என்பர். பூத்தலைக் குறிக்கும் சாகு என்னும் வினையோடு அதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு.

தமிழர் பூவுக்கு மரத்தை வைத்தே பெயரிடுகின்றனர்; பழத்தை வைத்துப் பெயரிடுவதில்லை. மாம்பூ, புளியம்பூ, முருங்கைப்பூ என்கிறோம். மாம்பழப்பூ என்றோ முருங்கைக்காய்ப்பூ என்றோ எந்த ஊரிலும் எவரும் சொல்வதில்லை. அப்படியிருக்க, யப்பானிய மரத்துக்கு மட்டும் பழத்தை இடையில் நுழைப்பது, ஆங்கிலத்தில் செர்ரி என்னும் சொல் பழத்தையும் குறிப்பதால் வந்த மயக்கமேயன்றி வேறில்லை. அதிலும், பூங்காக்களில் பெரும்பாலும் நிற்கும் சோமெய் யொஷினோ என்னும் வகை பூவுக்காகவே ஒட்டுக்கட்டி வளர்க்கப்படுவது. ஒரே மரத்தின் ஒட்டுகளாக இருப்பதால்தான் அவை ஒருமிக்கப் பூக்கின்றன, காய்ப்பதோ அரிது. எங்கள் பாடசாலை வேலியோரம் நிற்கும் ஜாம் மரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு செர்ரிப் பெயர் உண்டு. இனத்தால் அது முற்றிலும் வேறு. ஆகவே செர்ரிப் பழம் என்றதும் இங்குள்ள பிள்ளையின் மனம் அந்தச் சிறு சிவப்புப் பழத்திடமே ஓடிவிடுகிறது.

செர்ரி என்ற எழுத்துக்கோவையும் தமிழுக்கு ஒவ்வாது. ரகர மெய் தன்னோடு தான் மயங்குவதில்லை என்பது இலக்கணம். ஒற்றை நீக்கிச் செரி என்றால், உண்டது செரித்தல் என்னும் வினை குறுக்கே வரும். சேலா என்பாரும் உளர். தூய்மை நாடும் அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் சேலாப்பழம் என்பது உண்ணும் பழத்துக்கு வழங்கும் பெயர். அதைப் பூமரத்துக்கு நீட்டினால் பழைய குழப்பமே தமிழ் உடை உடுத்தி வரும். சகுராப்பூ என்பதே தெளிவு. அயல் மரத்துக்கு அதன் ஊர்ப்பெயரை வழங்குவதால் தமிழுக்கு இழுக்கில்லை.

பொதுச்சொற்களுக்கு மட்டும் கடன் வாங்க வேண்டியதில்லை. மரத்தடியில் விரிப்பிட்டு உறவோடும் நட்போடும் உண்டு பூவைக் கண்டு களிப்பதை யப்பானியர் ஹனமி என்பர். ஹன என்றால் பூ, மி என்றால் காண்டல். இதைப் பூக்கொய்தல் என்று எழுதியிருந்த மொழிபெயர்ப்பு ஒன்று என்னை மிகவும் வருத்தியது. கம்பராமாயணப் பாலகாண்டத்தில் பூக்கொய் படலம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஹனமியில் எவரும் கிளையைத் தொடுவதில்லை. அதே காண்டத்தில் வரைக்காட்சிப் படலமும் இருக்கிறதே! அவ்வழியில் பூக்காட்சி என்னலாம். இன்று அது கண்காட்சியை நினைவூட்டும் என்பதால் பூக்காணல் என்பதையே நான் வழங்குகிறேன்.

யசுகுனி ஆலய வளாகத்து மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும் தோக்கியோவில் பூப்புத் தொடங்கியதாக அறிவிக்கின்றனர். ஒவ்வொரு நிலையையும் இப்படிக் கூர்ந்து பார்க்கும் மக்களின் பூவைச் சொல்ல, அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ என்று படிப்படியாகப் பெயர் வைத்திருக்கும் மொழி நம்மிடம் உண்டு. ஆனால் அந்தப் பயணக் கட்டுரையாளர், பாதையில் உதிர்ந்து கிடந்த இதழ்களை “இறந்த மலர்கள்” என்று எழுதியிருந்தார். உதிர்ந்த பூவைக் குறிக்கும் வீ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவி கட்டுரையின் வரியை அடித்துவிட்டுத் தன் கொப்பியில், “சகுரா வீ பரந்த பாதை” என்று எழுதிக்கொண்டாள்.