ஸ்நோ ஒயிட்டின் முகத்தில் ரத்தம் எங்கே போனது?

கல்லூரி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஹாலோவீன் நேரத்தில் இணையம் முழுக்க 'பேயாக மாறிய ஸ்நோ ஒயிட்' புகைப்படங்கள் வருகின்றன. சிலவற்றில் அந்தப் பெண் நிஜமாகவே செத்துப்போனவள் போல இருக்கிறாள். சிலவற்றில் வெறும் வெள்ளைப் பவுடர்தான் தெரிகிறது. பூசுவது அதே வெள்ளைதானே, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எங்கள் துறை விழாவில் நானும் இந்த வேஷம் போடப்போகிறேன். பின்குறிப்பு: பிண வேஷம் போட்டால் ஆயுசு குறையும் என்று பாட்டி சொல்கிறார்."

பாட்டிக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். முதலில் கதை. கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட ஸ்நோ ஒயிட்டுக்குப் புதிதாகத் திகில் சேர்க்கவே தேவையில்லை. அந்த முதல் பதிப்பில் ஏழு வயதுப் பெண்ணைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பெண்ணின் நுரையீரலையும் கல்லீரலையும் கேட்டு வாங்கி (வேடன் ஏமாற்றிக் கொடுத்தது காட்டுப்பன்றியுடையது) சமைத்துச் சாப்பிடுகிறாள் ராணியான அந்தத் தாய். முடிவில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியோடு ஆடியே சாகிறாள். குழந்தைகளுக்காக இதையெல்லாம் பிற்பாடு துடைத்துவிட்டோம்.

அந்தப் பெண்ணின் அடையாளம் மூன்று நிறங்கள்: பனி போல வெள்ளை, ரத்தம் போலச் சிவப்பு, கருங்காலி போலக் கறுப்பு. இதில் முதல் நிறத்தை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் அவள் உயிரோடு இருக்கவே முடியாது. எவ்வளவு வெளுத்த ஐரோப்பியத் தோலும் பனி நிறத்தில் இருக்காது, இளஞ்சிவப்பு கலந்திருக்கும். அந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

முகத்தில் விழும் ஒளியில் சுமார் 5 சதவீதம்தான் மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்புகிறது. எண்ணெய் வழியும் நெற்றியின் பளபளப்பு அதுதான். அதில் விளக்கின் நிறம் இருக்குமே தவிர, தோலின் நிறம் இருக்காது. மீதி ஒளியெல்லாம் தோலுக்குள் நுழைகிறது. மேல்தோலில் இருக்கும் கருநிறமியான மெலனின் அதில் ஒரு பங்கை விழுங்குகிறது, குறிப்பாக நீலத்தை. தப்பிய ஒளி அதற்குக் கீழே உள்ள அடித்தோலுக்குப் போகிறது. அங்கே கொலாஜன் என்ற புரத இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒளி அவற்றில் மோதி, திசை மாறி, மறுபடி மோதி, வழி தெரியாமல் அலைகிறது. அந்த இழைகளுக்கு நடுவில் ஓடும் நுண் ரத்தக் குழாய்களில், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் காத்திருக்கிறது.

இந்த ஹீமோகுளோபினுக்கு ருசி உண்டு. ஒளியின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம் உண்டு, அதை நானோமீட்டரில் அளப்பார்கள். 415 நானோமீட்டர் ஊதாவையும், 540, 577 நானோமீட்டரை ஒட்டிய பச்சை, மஞ்சளையும் பிடித்து விழுங்கும். 600 நானோமீட்டரைத் தாண்டியதும் அதற்குப் பசி அடங்கிவிடுகிறது. ஆக, அந்தச் சிவப்பு ஒளி மட்டும் பிழைத்து, ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேலும் அலைந்து, நுழைந்த இடத்தில் அல்லாமல் சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. இருட்டறையில் கைபேசி டார்ச்சின் மேல் விரலை அழுத்திப் பாருங்கள். வெள்ளை ஒளிதான் உள்ளே போகிறது. விரலின் மறுபக்கம் சிவப்பு மட்டும் வருகிறது.

"நுழைந்த இடத்தில் அல்லாமல் சற்றுத் தள்ளி" என்றேனே, உயிருள்ள முகத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு வைத்து யாருடைய மூக்கு நிழலையாவது உற்றுப் பாருங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்காது. வெளிச்சப் பகுதியில் நுழைந்த சிவப்பு ஒளி தோலுக்குள்ளேயே நகர்ந்து நிழல் பகுதியில் எட்டிப்பார்ப்பதால், ஓரம் மெல்லிய சிவப்பாக மங்கும். கணினி வரைகலையில் மனித முகங்கள் வெகுகாலம் பிளாஸ்டிக் பொம்மைகள் போல இருந்ததற்கு இந்தக் கணக்கு இல்லாததும் ஒரு காரணம். 2001இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் திரையில் கணினி முகங்களுக்கு உயிர் வந்தது.

இப்போது கெட்டியான வெள்ளைப் பூச்சுக்கு வருவோம். அது ஒளியை மேலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்ளே போவதும் இல்லை, அலைவதும் இல்லை, நிழலில் சிவப்பு ஓரமும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்தான் மிச்சம். ஆனால் பிணத்தின் தோல் சுவர் கிடையாது. இறந்த பிறகும் அதற்குள் ஒளி போய் வருகிறது. இதயம் நின்றதும் ரத்தம் புவியீர்ப்பில் உடலின் கீழ்ப்பக்கம் இறங்கிவிடுவதால், மேற்பக்கத்தில் ஒளி அலைந்தாலும் சிவந்து திரும்புவதில்லை. அவ்வளவுதான் மாற்றம். எனவே தேர்ந்த ஒப்பனைக் கலைஞர் வெள்ளையைச் சேர்ப்பதில்லை, சிவப்பைக் கழிக்கிறார். ஒளி ஊடுருவும் மெல்லிய பச்சைச் சாயலைத் தோலின் மேல் பரப்புவார். திரும்பி வரும் சிவப்பை அது வடிகட்டிவிடும். உதடு, இமை ஓரம், மூக்கு நுனி, நகக்கண் என ரத்தம் எட்டிப்பார்க்கும் இடங்களில் கூடுதலாக ஒரு பூச்சு. புதியவர்கள் மறந்துபோவது காதுகளை. பின்னாலிருந்து ஒரு விளக்கு அடித்தால் போதும், பிண இளவரசியின் காது மட்டும் சிவப்பாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். கருங்காலிக் கூந்தலை அங்கே இறக்கிவிடுவது நல்லது.

வெளிறிய கழுத்தில் நீல நரம்புகள் வரைவதற்கும் இதே கணக்குதான். நாம் நரம்பு என்று சொல்வது சிரை என்ற ரத்தக் குழாயை. அதற்குள் ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம். நீலம் அங்கே எதுவும் இல்லை. அரை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் சிரை, அதுவரை இறங்கி வரும் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் விழுங்குகிறது. நீல ஒளி அந்த ஆழத்துக்கு வருவதே அரிது. சுற்றியுள்ள தோலைவிட அந்தக் கோட்டில் சிவப்பு குறைவு என்பதால் மூளை அதை நீலம் என்று படிக்கிறது. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. ஆகவே நீலப் பென்சிலால் கோடு போட்டு அப்படியே விட்டால் பச்சை குத்தியது போலத்தான் இருக்கும். கோட்டுக்கு மேல் இன்னொரு மெல்லிய தோல் நிறப் பூச்சு வந்தால்தான் அது உள்ளே இறங்கும்.

கிரிம் கதையில் ஒரு விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விஷ ஆப்பிளைக் கடித்து விழுந்த பிறகும் அவள் கன்னங்கள் சிவந்தே இருந்தன. புதைக்க மனம் வராமல்தான் குள்ளர்கள் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். விஷத்தின் பெயர் கதையில் இல்லை. ஆனால் தடய மருத்துவர்களைக் கேட்டால், சயனைடு விஷத்திலும் கார்பன் மோனாக்சைடு விஷத்திலும் ரத்தம் தேங்கிய இடங்கள் வழக்கமான கருநீலத்துக்குப் பதில் நல்ல சிவப்பாக இருக்கக்கூடும் என்பார்கள். சயனைடு செல்களை ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாது. அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அப்படியே தங்கி நிறம் மாறாமல் இருக்கிறது. ஆப்பிள் விதைகளில் சயனைடை வெளியிடும் அமிக்டலின் இருப்பது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

அடுத்து, உதட்டோரம் வழியும் போலி ரத்தம். நிஜ ரத்தம் மெல்லிய படலமாக இருந்தால் மஞ்சள் கலந்த சிவப்பு. தேங்கினால் கிட்டத்தட்ட கறுப்பு. காய்ந்தால் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பு. வெறும் சிவப்பு உணவு நிறமியோ, மெல்லிதானதும் ரோஸ் நிறத்துக்குப் போய்விடும். ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் தன் பிரபலமான செய்முறையில் சோளச் சர்க்கரைப் பாகோடு மஞ்சள் நிறமியும் சேர்த்தது அதனால்தான். ஒளி ஊடுருவாமல் இருக்கத் துத்தநாக ஆக்சைடும் போட்டார். அதிலே ஃபிலிம் கழுவும் ரசாயனம் ஒன்றும் உண்டு, அது வாய்ப் பக்கமே போகக் கூடாது. வீட்டில் செய்பவர்களுக்குச் சர்க்கரைப் பாகு, சிவப்பு நிறமி, துளி மஞ்சள், கொஞ்சம் கோகோ பவுடர் போதும்.

சரி, கேமராவுக்கு வருவோம். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் இவ்வளவு உழைப்பும் மேற்பரப்புப் பளபளப்பில் காணாமல் போகும். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். அப்புறம், எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு சேனலை, அதாவது படத்தில் பதிவான சிவப்பு ஒளியை, மட்டும் எடுத்துப் பாருங்கள். முகம் பீங்கான் போல வழுவழுப்பாகிவிடும். ஆழத்தில் அலைந்து வந்த சிவப்பு ஒளி தழும்பு, பரு எல்லாவற்றையும் மங்கடித்துவிடுகிறது. அதே படத்தில் நீல சேனலை எடுங்கள். மெலனினும் ரத்தமும் விழுங்கியது போக மேலோட்டமாகத் திரும்பிய ஒளி அது. ஒவ்வொரு புள்ளியும் கறையும் கறுத்து எழும், உதடு கிட்டத்தட்ட கறுப்பாகும். ஒரே சொடுக்கில் எடுத்த ஒரே படத்துக்குள் இளவரசியும் இருக்கிறாள், பேயும் இருக்கிறாள்!

இதைத் திரையில் செய்து காட்டிவிட்டார்கள், 1931இலேயே. "டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்" படத்தில் நடிகர் ஃபிரெட்ரிக் மார்ச்சின் முகம் வெட்டு எதுவும் இல்லாமல் கண்ணெதிரே கொடூரமாக மாறும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ், வண்ண ஒப்பனையை முகத்தில் முன்கூட்டியே போட்டுவிட்டு, அதே நிற வடிகட்டி வழியாகப் படம் பிடித்தார். சிவப்பு வடிகட்டிக்குப் பின்னால் சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியைப் பச்சைக்கு மெல்ல நகர்த்தினால் அதே கோடு கறுப்பாகப் புடைத்து எழும். கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்பதால் வடிகட்டியின் நிறம் மாறியது யாருக்கும் தெரியவில்லை. இன்று ரிமோட்டில் நிறம் மாறும் எல்இடி பல்பு ஒன்று போதும், விழா மேடையிலேயே இதைச் செய்யலாம். சிவப்பு விளக்கில் இளவரசி நிற்கட்டும்; ஒரு பொத்தானை அழுத்தியதும் கன்னத்தில் விரிசல் ஓடட்டும்.

பாட்டிக்குப் பதில்: வேஷத்தால் ஆயுசு குறையாது, பார்வை போகலாம். மருத்துவர் அளவெடுக்காத மலிவான வெள்ளை லென்ஸ்கள் கருவிழியில் புண்ணையும் அமீபா தொற்றையும் உண்டாக்கக்கூடும். அவை தேவையும் இல்லை. உயிருள்ள கண் ஈரமாக இருப்பதால் விளக்கின் சிறு பிம்பம் அதில் எப்போதும் மின்னும். அந்தப் புள்ளி விழாதபடி விளக்கின் கோணத்தை மாற்றினாலே கண் செத்தது போலத் தெரியும்.

கடைசியாக ஒரு ஆதங்கம். இந்த ஒப்பனைப் பாடங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலுக்காக எழுதப்பட்டவை. தோல் ஆய்வுகளும் அப்படியே. வெயிலில் தோல் எப்படிச் சிவக்கும், எப்படிக் கறுக்கும் என்பதை வைத்துப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைப்பாடு, 1975இல் வந்தது, முதலில் வெள்ளைத் தோல்களுக்கு மட்டும்தான் இருந்தது; பழுப்பும் கறுப்பும் பிற்பாடு சேர்ந்தவை. கொரோனா காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் ஹீமோகுளோபினின் அதே நிற ருசியை நம்பி வேலை செய்வதுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி கவனிக்காமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பழுப்புத் தோலில் ஒளி எப்படிப் போய் வருகிறது என்று அளக்க நம் ஆய்வகங்களுக்குப் பெரிய தொகை ஒன்றும் தேவைப்படாது. ஆனால் அந்தச் சிறு தொகைகூட எளிதில் ஒதுங்குவதில்லை.

அதுவரை, எழுதிக் கேட்ட மாணவிக்கு ஒரு யோசனை. நம் நிறத்துக்கு வெள்ளை வேண்டாம், சாம்பல் பூசியது போலாகிவிடும். சோகை இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார் அல்லவா, அங்கிருந்து தொடங்குங்கள். இமையின் ஓரம், உதடு, நகம், உள்ளங்கை ஆகிய இடங்களில் சிவப்பைக் குறைத்து, மற்ற இடங்களில் உங்கள் சொந்த நிறத்தின் மேல் ஆலிவ் பச்சை கலந்த சாம்பலை மிக மெல்லிதாக ஓட்டுங்கள். கூந்தலுக்கு எதுவும் செய்ய வேண்டாம், கருங்காலி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.