முதலில் எந்தப் பாட்டை நிறுத்துவது?

போதை மீட்பு மையத்தில் இசை சிகிச்சையாளராகச் சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். குழுவாக உட்கார்ந்திருந்தவர்களிடம், ஆளுக்கொரு பிடித்த பாட்டைச் சொல்லுங்கள், சேர்ந்து கேட்போம் என்றேன். நான்காவதாக ஒரு துள்ளலான பாட்டு ஓடியது. அந்தப் பாட்டைச் சொன்னவர் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாற்காலி தள்ளி இருந்தவருக்குக் கால் ஆட ஆரம்பித்தது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் வெளியே போய் வருகிறேன்" என்று எழுந்தவர், அன்று மாலையே பையோடு கிளம்பிவிட்டார். சில வாரம் கழித்துத் திரும்பி வந்தபோதுதான் சொன்னார்: "அந்தப் பாட்டு போட்டால்தான் எங்கள் கூட்டம் களைகட்டும். முதல் வரியிலேயே வாயில் ருசி வந்துவிட்டது."

(இங்கே வருபவர்கள் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அதற்குப் பிறகு, என்ன பாட்டு பிடிக்கும் என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதல் கேள்வி: எந்தப் பாட்டு காதில் விழுந்தால் உங்களுக்குப் பழைய நினைப்பு வருகிறது?

போதைப் பொருளை மட்டும் மூளை தனியாக நினைவில் வைப்பதில்லை. அந்த நேரம், அந்த அறை, கூட இருந்தவர்கள், பின்னால் ஓடிய பாட்டு எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகக் கட்டி வைக்கிறது. சாப்பாடு தரும்போதெல்லாம் மணியடித்துப் பழக்கியதால், வெறும் மணிச் சத்தம் கேட்டதுமே ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறிய அதே கதைதான். இடத்தை மாற்றலாம், கூட்டாளிகளைத் தவிர்க்கலாம். பாட்டை அப்படித் தவிர்க்க முடியாது. பஸ்ஸில் வரும், பக்கத்து வீட்டிலிருந்து வரும், யாருடைய ரிங்டோனாகவோ வரும். அதனால் போனிலிருந்து அழிப்பது பாதி வேலை. எதிர்பாராமல் கேட்டுவிட்டால் யாரைக் கூப்பிடுவது, எங்கே நகர்வது என்று முன்பே பேசி வைப்பது மீதி. பாட்டின் பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு அது தாலாட்டு. தனியாக உட்கார்ந்து குடித்த இரவுகளில் அவர் கேட்டது அதைத்தான்.

சரி, இவ்வளவு ஆபத்து இருக்கும்போது இசை எதற்கு?

போதையை நிறுத்திய முதல் சில மாதங்களில் பலரும் சொல்லும் குறை நடுக்கமோ தூக்கமின்மையோ அல்ல. "எதிலும் ருசியே இல்லை" என்பார்கள். சாப்பாடு, சிரிப்பு, பிள்ளையின் பேச்சு எல்லாமே சப்பென்று இருக்கும். மூளையின் இன்பப் பாதை பெரிய அளவுகளுக்குப் பழகிப்போய், சின்ன மகிழ்ச்சிக்கு அசைய மறுக்கிறது. அது சீராக வாரங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். மறுபடி விழுவது பெரும்பாலும் இந்தச் சப்பென்ற காலத்தில்தான் என்பது என் அனுபவம்.

2011-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெய்சிலிர்க்க வைக்கும் இசையைக் கேட்பவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். பாட்டு உச்சத்தை எட்டும்போது, இன்பத்தோடு தொடர்புடைய மூளை ரசாயனமான டோபமைன் சுரந்தது. அந்த உச்சம் வரப்போகிறது என்று காத்திருந்த நொடிகளிலும் சுரந்தது. போதைப் பொருள் ஆட்டிப்படைக்கும் அதே வட்டாரம்தான். ஆனால் போதைக்கு ஈடான அளவை இசை தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இசை தருவது சிறிய அளவு. ருசி இல்லாத ஒருவருக்கு அந்தச் சிறிய அளவே பெரிய செய்தி. பாட்டு கேட்கும்போது கையில் முடி சிலிர்த்ததாக ஒருவர் வந்து சொன்னால் அதைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிக்கொள்கிறேன்.

இன்னொரு உபயோகம், வேட்கை கிளம்பும் நேரத்தில். குடிக்க வேண்டும், அடிக்க வேண்டும் என்ற நினைப்பு எழும்போது அது ஓயவே ஓயாது என்று தோன்றும். உண்மையில் அது அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அதை எதிர்த்து முட்டாமல் மேலே மிதந்து கடக்கக் கற்றுக்கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். அந்த அரை மணி நேரத்தைத் தாண்ட ஒரு பாட்டு வரிசை உதவும்.

இங்கே பலர் செய்யும் தவறு, கொதிப்பில் இருக்கும்போது அமைதியான புல்லாங்குழலைப் போடுவது. எரிச்சல்தான் கூடும். 1940-களிலேயே ஐரா ஆல்ட்ஷுலர் என்ற மனநல மருத்துவர் இதற்கு வழி சொன்னார்: ஆள் இருக்கும் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேண்டிய இடத்துக்கு அழைத்துப் போ. நாங்கள் ஆறேழு பாட்டு எடுப்போம், மொத்தம் இருபத்தைந்து நிமிடம். முதல் இரண்டு வேகமும் கோபமும் உள்ளவை, ஆனால் பழைய நினைப்பைக் கிளப்பாதவை. அப்புறம் வேகம் குறைந்துகொண்டே வரும். கடைசிப் பாட்டு அவர் வாய்விட்டுப் பாடக்கூடியதாக இருக்க வேண்டும். பாடினால் மூச்சு நீளமாக வெளியே போகும், உடம்பு தானாகத் தளரும். மனம் தெளிவாக இருக்கும் நாளிலேயே வரிசையைத் தயாரித்து, போனில் இறக்கி வைத்துவிட வேண்டும். செயலி அடுத்த பாட்டைத் தானே தேர்ந்தெடுத்துப் போடும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். ஒருவருக்கு அது சரியாக அந்தப் பழைய பாட்டைத்தான் எடுத்துக் கொடுத்தது!

குழுவாக மேளம் தட்டுவதற்கு என்னிடம் தனி இடம் உண்டு. கை நடுங்குபவரும் தட்டலாம். தாளம் தப்பினால் பக்கத்தில் இருப்பவர் தூக்கிப் பிடிப்பார். "போதை இல்லாமல் நாலு பேர் முன்னால் நான் வாயைத் திறந்ததே இல்லை" என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். போதை தெளிந்த நிலையில் கூச்சத்தோடு பாடும் அந்த முதல் தடவை, எந்த அறிவுரையையும் விடப் பெரிது.

இசையே காப்பாற்றிவிடும் என்றால் இசைக்கலைஞர்கள் யாரும் விழுந்திருக்க மாட்டார்கள். ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் ஹெராயினும் குடியுமாக வாழ்ந்து 1955-இல் 34 வயதில் இறந்தார். இன்னொரு ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் 1957-இல் ஹெராயினை விட்டார். அவருடைய புகழ்பெற்ற வாசிப்புகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்தவை. போதை போனால் கலையும் போய்விடும் என்று பயப்படும் இளைஞர்களிடம் இதை மறக்காமல் சொல்வேன்.

ஆதாரம் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2022-இல் வெளிவந்தது. அது 21 ஆய்வுகளை, மொத்தம் 1,984 பேரை, அலசியது. வழக்கமான சிகிச்சையோடு இசை சிகிச்சையும் சேரும்போது வேட்கை ஓரளவு குறைகிறது, சிகிச்சையில் ஆர்வம் கூடுகிறது என்றது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் தெளிவான பலன் தெரியவில்லை. "சிகிச்சையோடு" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நாள்பட்ட குடியையோ தூக்க மாத்திரையையோ வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். அதற்கு மருத்துவர் வேண்டும். ஹெராயின் போன்றவற்றுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்துகளைத் தருகிறார்கள் என்றால், பாட்டு கேட்கிறேன் என்று அவற்றை நிறுத்தக் கூடாது. விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி எடுப்பவர்கள் பலர் இறப்பது அதனால்தான்.

வீட்டார் அடிக்கடி கேட்பது: "எந்நேரமும் ஹெட்போனும் கையுமாகக் கிடக்கிறான். ஒரு போதை போய் இன்னொன்று வந்துவிட்டதா?" பிடுங்காதீர்கள் என்பேன். பழைய கூட்டத்துப் பாட்டுகளா, கதவைச் சாத்திக்கொண்டா என்று மட்டும் பாருங்கள். ஆம் என்றால் எங்களிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டை உங்களுக்கும் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். ஒரு அப்பா நான்கு மாதமாகத் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இதைச் செய்கிறார். இதுவரை ஒரு பாட்டுகூட அவருக்குப் பிடிக்கவில்லையாம்.