ஹைரோகிளிஃப் – சொல் விளக்கம்

பண்டைய எகிப்தியர் கோயில் சுவர்களிலும் கல்லறைகளிலும் பொறித்த எழுத்துக்குக் கிரேக்கர் இட்ட பெயர் இது. கிரேக்கத்தில் 'ஹியரோஸ்' என்றால் புனிதமானது, 'கிளிஃபெய்ன்' என்றால் செதுக்குதல். எகிப்தியர் தங்கள் எழுத்தை 'மெது நெட்சர்', அதாவது கடவுளின் சொற்கள் என்றார்கள்.

படமாக இருப்பதால் பார்த்ததும் பொருள் புரிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்கினார்கள். மன்னர் பெயருக்கு முன்னால் ஒரு வாத்தும் சூரிய வட்டமும் வரும். 'ரா என்னும் கதிரவனின் மகன்' என்று பொருள். வாத்து எப்படி மகன் ஆயிற்று? குஞ்சுகள்மேல் அந்தப் பறவைக்கு உள்ள பாசத்தால் என்று ஹோரபோலோவின் பெயரில் வழங்கும் கிரேக்க நூல் கதை சொன்னது. உண்மைக் காரணம் எளியது: அந்த வாத்தின் பெயரும் மகன் என்ற சொல்லும் ஒரே மெய்யொலிகள் கொண்டவை. (உயிரொலிகளை எகிப்தியர் எழுதுவதில்லை.) தமிழில் விண்மீனைக் குறிக்க ஒரு கெண்டையை வரைந்துவிட்டால் எப்படியோ, அப்படி.

வீட்டின் தரைப்படம் தனியே நின்றால் வீடு, ஒலி 'ப்-ர்'. அதோடு நடக்கும் கால்கள் இரண்டைச் சேர்த்தால் 'வெளியே போ'. கால்களை வாய்விட்டு வாசிப்பதில்லை. இது நடை தொடர்பான சொல் என்று காட்ட மட்டுமே அவை. இதே வீட்டோடு 'பெரிய' என்பதைச் சேர்த்து அரண்மனையைச் சொன்னார்கள். பிறகு அதில் இருப்பவரையே அப்படி அழைத்தார்கள். எகிப்திய மன்னரை நாம் சொல்லும் 'பாரோ' அதிலிருந்து வந்ததுதான். பெரிய வீட்டுக்காரர்!

வரியை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்பதற்கும் குறிப்பு உண்டு. பறவையும் மனிதரும் எந்தத் திசையைப் பார்க்கிறார்களோ அதுவே தொடக்கம்.

கி.பி. 394-இல் தெற்கு எகிப்தின் பிலே கோயிலில் பொறித்ததே நமக்குக் கிடைத்தவற்றுள் கடைசி. 1799-இல் அகப்பட்ட ரொசெட்டா கல்லில் ஒரே அரசாணை இந்த எழுத்தோடு கிரேக்கத்திலும் இருந்ததால், படிக்க ஆளின்றிப் போயிருந்த இதன் பூட்டை 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் திறந்தார்.

தமிழில் 'பட எழுத்து', 'சித்திர எழுத்து' இரண்டும் வழக்கில் உள்ளன. படம் படமாகவே பொருள் தரும் குறிகளுக்கும் 'பட எழுத்து' என்றே எழுதுகிறோம், குழப்பம் அதனால்தான். எகிப்தியதைச் சொல்லும்போது 'எகிப்தியச் சித்திர எழுத்து' என்று நாடோடு சேர்த்து எழுதலாம். 'புனிதப் பொறிப்பெழுத்து' மூலத்துக்கு நெருக்கம், ஆனால் நாவில் ஒட்டவில்லை.