மஞ்ச மண்ணுக்குள்ள 25 லட்சம் வருஷக் காலநிலை

சீனாவோட மஞ்சள் ஆறு கலங்கலா ஓடுறதுக்குக் காரணம் அது அரிச்சுக்கிட்டு வர்ற லோயஸ் மண்ணுதான். மாவு மாதிரி நைசான மண்ணு, சில இடங்கள்ல 100 மீட்டருக்கு மேல படிஞ்சு கிடக்கு. 1917ல ஷென்யாங்ல பொறந்த லியு துங்ஷெங்ங்கற ஜியாலஜிஸ்ட் வாழ்க்கைல பெரும்பகுதிய இந்த மண்ணுக்கே குடுத்துட்டாரு.

1954ல சீனாவோட ஹெனான் மாகாணத்துப் பக்கம் சர்வே போனப்போ ராத்திரி தூரத்துல வெளக்கு வரிசை வரிசையா தெரிஞ்சிருக்கு, விடிஞ்சதும் பாத்தா எல்லாமே மண்மேட்டைக் குடைஞ்ச வீடுங்க. அதென்ன ஒரே மட்டத்துல குடைஞ்சிருக்காங்கன்னு பாத்தா, ஒவ்வொரு வரிசைக்கும் மேல ஒரு செம்மண் அடுக்கு, அதுக்கு அடியில கெட்டியான சுண்ணாம்புக் கட்டிங்க, அதையே கூரையா விட்டா இடியாதுன்னு ஊர்க்காரங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. மஞ்சள், செவப்பு, மறுபடி மஞ்சள்னு மண்ணு மாறி மாறி வருதுங்கறது அவருக்கு அங்கதான் பிடிபட்டுச்சு.

விஷயம் இதுதான். பூமி குளுந்து வறண்ட காலத்துல வடமேற்குப் பாலைவனத்துலருந்து குளிர்காலக் காத்து தூசிய அள்ளிட்டு வந்து கொட்டும், அது மஞ்ச அடுக்கு. வெப்பமாகி மழை வந்தா தூசி கொறையும், புல்லு பூண்டு மொளைக்கும், மேல்மண்ணு செவந்துடும். இது ஆத்துத் தண்ணி கொண்டுவந்த மண்ணுன்னு வாதம் பண்ணவங்களும் உண்டு, ஆனா வடமேற்குல பெருசா இருக்கற துகள் தென்கிழக்கு போகப்போக சின்னதாகுது, மேடு பள்ளம் பாக்காம போர்வையா மூடிக் கிடக்கு, காத்து செஞ்ச வேலைன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

சரி, வயசு எப்படி தெரியும்? பூமியோட காந்தப்புலம் அப்பப்போ வடக்கு தெற்கா பொரண்டுடும், கடைசியா பொரண்டது சுமார் 7.8 லட்சம் வருஷம் முன்னாடி. மண்ணுல இருக்கற இரும்புத் துகள்கள் அந்தத் திசைய அப்படியே பிடிச்சு வச்சிருக்கும். எப்பெப்போ பொரண்டுச்சுன்னு தெரிஞ்சதால, திசை மாறுற அடுக்க வச்சு வயச சொல்லிடலாம். ஃப்ரீட்ரிக் ஹெல்லர்ங்கற ஆராய்ச்சியாளரும் லியுவும் சீனாவோட லோயஸ் பகுதில இருக்கற லுவோச்சுவான்ல எடுத்த மண்ண இப்படி அளந்து 1982ல வெளியிட்டாங்க, அடி மண்ணுக்கு வயசு கிட்டத்தட்ட 25 லட்சம்னு வந்துச்சு.

ஆல்ப்ஸ் மலைய வச்சு ஐரோப்பாக்காரங்க நாலே நாலு பனியுகம்னு சொல்லிட்டிருந்தாங்க, லுவோச்சுவான்லயோ செம்மண் அடுக்கு மட்டுமே முப்பதுக்கும் மேல! ஆழ்கடல் தரையிலருந்து எடுத்த படிவும் இதே மாதிரி ஏத்த இறக்கத்தைக் காட்டுனதால யாராலயும் ஒதுக்க முடியல. 2002ல லியுவுக்கு, சுற்றுச்சூழல் ஆராய்ச்சிக்குக் குடுக்கற டைலர் பரிசும் வந்துச்சு, மனுஷன் அதுக்கு முன்னாடியே 74 வயசுல அண்டார்டிகாவுக்கும் 79ல ஆர்க்டிக்குக்கும் போயிட்டு வந்துட்டாரு.